நெல்லா, மரமா, காய்கறியா: கடலூர், பாகூர் பகுதிச் சிறு உழவர் எதிலிருந்து தொடங்குவது?

தென்பெண்ணையாற்றின் இரு கரைகளிலும், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ கடலூரை ஒட்டிய ஊர்களிலோ மூன்று ஏக்கர் அளவில் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், இரசாயன உரத்தைக் கைவிட்டு மண்ணை மீட்டெடுக்கவும், விளைவதைப் பக்கத்து நகரத்தாருக்கே விற்றுப் பிழைக்கவும் முடிவு செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. சம்பா நெல்லை விடாமல் சாகுபடி முறையை மட்டும் மாற்றுவது முதல் வழி. பலா, முந்திரி, தென்னை, வாழை என்று பல அடுக்கு மரப்பயிருக்கு நிலத்தை ஒப்படைப்பது இரண்டாவது. காய்கறியும் கீரையும் போட்டுப் புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு நேரடியாகக் கொடுப்பது மூன்றாவது.

இம்மூன்றையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஏக்கருக்கு எவ்வளவு விளையும், கிலோவுக்கு என்ன விலை கிடைக்கும் என்ற இரண்டு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கடற்கரையில் அந்தக் கணக்கு போதாது. புயலோ வெள்ளமோ வந்து போன பிறகு இந்த நிலம் எத்தனை நாளில் மறுபடியும் சோறு போடும், அதுவரையிலான இழப்பை யார் சுமப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் வைத்து, விளைச்சலையும் விலையையும் அவற்றுக்குப் பின்னால் வைப்பதே சரி என்பது என் கருத்து.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. 2015 பருவமழையில் கடலூர் மாவட்டம் வாரக்கணக்கில் நீரில் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கிப் பாகூர், கடலூர் ஊர்களுக்குள் புகுந்தது. அதே வெள்ளத்தில் விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் நீர் ஏறிப் போக்குவரத்து நின்றதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். புதுச்சேரியின் கூபேர் மார்க்கெட்டில் குவியும் காய்கறியில் பெரும்பகுதி வெளியூர்களிலிருந்து லாரியில்தான் வந்து இறங்குகிறது. சாலை துண்டிக்கப்படும் நாளில் நகரத்துக்கு உணவு கொடுக்கக்கூடியது பத்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் வயல் மட்டுமே. அந்த வயலும் அதே நாளில் நீரில் மூழ்கியிருக்கும் என்பதுதான் சிக்கலின் முழு வடிவம்.

எந்த வழியானாலும் மண் முதலில்

மூன்று வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே. மண்ணை வெறுமையாகக் காயவிடாமல் மூடி வைப்பது, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பயிரின் வேர் மண்ணில் உயிரோடு இருக்கச் செய்வது, தேவையில்லாமல் உழாதிருப்பது, ஒற்றைப் பயிரைத் தவிர்ப்பது, கால்நடையை நிலத்தோடு மீண்டும் சேர்ப்பது ஆகியவையே அது. வேர்கள் கசியவிடும் சர்க்கரையை உண்டு பெருகும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண் துகள்களைக் கோத்துக் கட்டிகளாக்குகின்றன. கட்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. அந்த இடைவெளி இல்லாத மண்ணில் அதே மழை மேலேயே தேங்கி, வேரை அழுகச் செய்து, வடியும்போது மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். பல ஆண்டுகளாக யூரியாவும் ரோட்டவேட்டரும் கண்ட வயலிலிருந்து நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றையும், மண்வெட்டி படாத வேலியோரத்தில் அருகம்புல் வேர் ஓடிய இடத்திலிருந்து அதே அளவில் இன்னொன்றையும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். வயல் கட்டி குமிழிகள் விட்டுக்கொண்டே ஓரிரு நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் சேறாகப் படியும். தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கிவிடும். வேலியோரக் கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலுள்ள நீர் தெளிவாகவே இருக்கும். ஒரே ஊர், ஒரே மண், நடுவில் பத்தடி தூரம்தான். மண்ணின் கரிமச் சத்து, களர்த்தன்மை ஆகியவற்றின் அளவை எண்ணாகவே தெரிந்துகொள்ள விரும்புவோர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான்.

உரத்துக்கான மூலப்பொருள் இப்பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. களிமண்ணுக்கும் களர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு, மணற்பாங்கான நிலத்துக்குச் சணப்பை; ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும் தறுவாயில், அதாவது ஏறக்குறைய 45-ஆம் நாளில் மடக்கி உழுதால் போதும். வடலூர்ப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ அறுவடை முடிந்த நிலங்களில் ஆட்டுக்கிடை போடுவோரை முன்கூட்டியே பேசி வைத்தால் சாணமும் சிறுநீரும் வயலிலேயே விழும். கரும்பாலைக் கழிவான பிரஸ்மட் நெல்லிக்குப்பத்திலேயே கிடைக்கிறது; கரும்பு அறுத்த சோகையைக் கொளுத்தும் வழக்கத்தை விட்டால் அதுவே சிறந்த மூடாக்கு. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தின் மீன் கழிவைச் சம எடை வெல்லத்தோடு கலந்து மூன்று வாரம் ஊறவிட்டால் மீன் அமிலம் தயாராகிவிடும். கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த நம்மாழ்வார், 2004 ஆழிப்பேரலையில் உப்பேறிப்போன நாகப்பட்டினத்து வயல்களை மீட்டபோது பெரிதும் நம்பியது வரப்போரத்துத் தழையையும் பசுந்தாள் பயிரையும்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்றத்தை ஒரே பருவத்தில் முழு நிலத்திலும் செய்யக்கூடாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விளைச்சல் குறையும். களை எடுக்கும் கூலி ஏறும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடை செய்து, அதே ஆண்டின் இறுதிக்குள் அதைத் திரும்பப் பெற நேர்ந்ததை நாம் அருகிலிருந்தே பார்த்தோம். ஒரு நாட்டுக்குத் தாங்காத வேகம் மூன்று ஏக்கர் குடும்பத்துக்கும் தாங்காது.

நெல்

முதல் வழியான நெல்லைப் பழமை என்று சொல்லி ஒதுக்குவோர் உண்டு. நிறையத் தண்ணீர் குடிக்கும் பயிர் என்று குறை சொல்வோரும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த களிமண் வயலில் வேறு எந்தப் பயிர் நிற்கும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பாகூர் ஏரிப் பாசனத்திலும், கடலூர் மாவட்டத்தின் தெற்கில் வீராணம் பாசனத்திலும் நெல் நிலைத்திருப்பதற்கு வழக்கம் மட்டும் காரணமல்ல. நிலத்தின் மட்டமும் காரணம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும் ஊரில், அந்த நீரைத் தாங்கி நிற்கும் பயிரை விரட்டிவிட்டுத் தாங்காத பயிரைக் கொண்டுவருவதில் பொருளில்லை.

இதில் இரகத் தேர்வே முதல் சண்டை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற மரபு இரகங்கள் உரம் கேட்பதில்லை. வைக்கோல் நீளமாக வருவதால் மாட்டுக்குத் தீனி மிஞ்சும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான பயிர் வெள்ளத்துக்கு மேலே தலையைத் தூக்கி நிற்கும். குறை என்னவென்றால், அதே உயரம் காற்றுக்கு ஆகாது. கதிர் முற்றிய நேரத்தில் ஓர் இரவு காற்றடித்தால் பயிர் பாயை விரித்ததுபோல் படுத்துவிடும். ஈரத்தில் படுத்த கதிர் வயலிலேயே முளைக்கும். மாறாக, சி.ஆர். 1009 சப்-1 என்ற உயர் விளைச்சல் இரகம் இரண்டு வாரம் வரை முழுமையாக மூழ்கிக் கிடந்தும் மீண்டு வரக்கூடியது. மண்ணை மீட்கும் வேளாண்மை என்றால் மரபு விதை மட்டுமே என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. தாழ்ந்த வயலில் சப்-1 இரகத்தைத் தக்கைப்பூண்டும் எருவும் கொடுத்து வளர்ப்பதில் எந்தக் கொள்கையும் உடைந்துபோவதில்லை.

வருமானத்தையும் பார்த்துவிடலாம். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஊக்கத்தொகை சேர்த்துச் சாதாரண இரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய்; அதாவது 40 கிலோ சிப்பம் 1,000 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்தால் 62,500 ரூபாய். உரத்தை நிறுத்திய முதல் ஆண்டுகளில் அது 18 குவிண்டாலாகக் குறைந்தால் 45,000 ரூபாய். மரபு இரகம் ஏக்கருக்கு 12 குவிண்டால் கொடுத்து, அரைத்தால் நூற்றுக்கு அறுபது பங்கு அரிசி தேறி, அது கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் 57,600 ரூபாய். உரச் செலவும் மருந்துச் செலவும் மிச்சம் என்பதால் காகிதத்தில் மரபு இரகமே மேல். காகிதத்துக்கு வெளியே இரண்டு தடைகள் இருக்கின்றன. ஐந்தாறு மூட்டைக்காக எந்த அரிசி ஆலையும் இயந்திரத்தைத் துடைத்து ஓட்டித் தராது. முந்தைய ஆளின் வெள்ளை அரிசி நம்முடைய சிவப்பு அரிசியில் கலந்து வரும். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இரண்டு மூன்று மாதத்துக்குள் வண்டு விழும். நெல்லாகவே நொச்சித் தழை போட்டு இருப்பு வைத்து, கேட்பவர் எண்ணிக்கையைப் பார்த்து மாதாமாதம் அரைத்துக் கொடுப்பதே இதற்குத் தீர்வு. அதற்கு நான்கைந்து உழவர்கள் ஒரே இரகத்தைப் போட்டு ஒரே நாளில் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நடவு முறையில் ஒற்றை நாற்று நடவு ஏக்கருக்கு 3 கிலோ விதையோடு முடிந்துவிடும், பாசன நீரும் குறையும். ஆனால் 14 நாள் இளநாற்று மழையில் மூழ்கினால் எழாது. ஆகவே இதை ஏற்போர் புரட்டாசி முதல் வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். ஐப்பசி அடைமழைக்குள் பயிர் தூர் கட்டியிருக்க வேண்டும். அது முடியாத ஆண்டில் வழக்கமான 25, 30 நாள் நாற்றையே நடுவது நல்லது.

வெள்ளத்தில் நெல் போனால் அந்தப் பருவம் போயிற்று. ஆனால் நிலம் போவதில்லை. எச்ச ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்தால் 65, 75 நாளில் கைக்கு ஏதாவது வரும். நல்ல ஆண்டிலும் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கும் பயிருக்குள் உளுந்து விதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். மண்ணில் தழைச்சத்தை நிலைநிறுத்துவதும் அதுவே. அறுவடை இயந்திரத்தின் சக்கரங்கள் முளைத்த உளுந்தை நசுக்கிவிடுவதால் பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆட்கூலியா, உளுந்தா என்ற கணக்கை அவரவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஆக, நெல்லின் மீளும் காலம் ஏறத்தாழ மூன்று மாதம். விளைந்த நெல்லோ பத்தாயத்தில் ஓராண்டு கெடாமல் கிடக்கும். வெள்ளத்தில் சாலை அறுந்த வாரத்தில் வீட்டில் நெல் இருப்பதன் மதிப்பைக் குவிண்டால் விலையில் சொல்ல முடியாது.

மரம்

மண்ணை மீட்பதில் மரத்துக்கு இணை இல்லை. ஆரோவில் 1968-இல் தொடங்கப்பட்டபோது அது அமைந்த செம்மண் மேடு மழைநீர் அரித்த ஓடைகளும் வெறுந்தரையுமாகக் கிடந்தது; வரப்பு கட்டி நீரை நிறுத்தி மரம் நட்டதால் அது இன்று காடாக நிற்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதைச் செய்தவர்கள் அந்த நிலத்தின் மகசூலை மட்டும் நம்பி அடுப்பெரிக்க வேண்டிய நிலையில் இல்லை. நம் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

பண்ருட்டிப் பலாவும் பண்ருட்டி முந்திரியும் 2025-இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும் பாலூர் ஆராய்ச்சி நிலையம் பலாவிலும் நல்ல இரகங்களை வெளியிட்டிருக்கின்றன. ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டிலிருந்தும் ஒட்டுப் பலா ஐந்தாறு ஆண்டுகளிலும் காய்க்கத் தொடங்கும். அதுவரை இடையில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை, உளுந்து, துவரை போடலாம். செம்மண் மேட்டு நிலம் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி. தாழ்ந்த களிமண்ணில் முந்திரியும் பலாவும் வேரழுகிச் சாகும் என்பதால், ஆற்றுப் படுகை உழவர் இந்த வழியைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டியதே இல்லை.

மேட்டு நிலத்திலும் தானேயை மறக்கக்கூடாது. இருபது, முப்பது ஆண்டு நின்ற தோப்பு சாய்ந்தால், நட்டுத் திரும்ப அதே வருமானத்துக்கு வரப் பத்தாண்டு ஆகும். மூன்று வழிகளில் மீளும் காலம் மிக நீண்டது இதுவே. ஒரே வயதில், ஒரே உயரத்தில், ஒரே மரமாக நிற்கும் தோப்பு காற்றுக்கு மொத்தமாக விழுகிறது. உயரத்தைக் கவாத்து செய்து குறைத்து, ஓரங்களில் பனையும் மூங்கிலும் நிறுத்தி, நடுவில் பல வயது மரங்களைக் கலந்து வைத்தால் ஒரு பகுதியாவது தப்பும். பனையைப் புயல் சாய்த்ததாக அடிக்கடி கேள்விப்படுவதில்லை; வரப்பில் பனை வைத்த முன்னோருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது.

குத்தகை நிலத்தில் மரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலத்துக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டாலும் காய்க்கும் ஆண்டில் குத்தகை கையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

காய்கறி

மீளும் காலத்தை மட்டும் பார்த்தால் காய்கறியே வெல்கிறது. சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்த 25, 30 நாளில் அறுக்கலாம்; வெண்டையும் கொத்தவரையும் ஐம்பது நாளுக்குள் காய்க்கும். கார்த்திகையில் மூழ்கிய தோட்டம் பொங்கலுக்குள் பணம் பார்க்கும். அதே நேரத்தில், முதலில் சாவதும் இதுவே. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கத்தரியும் மிளகாயும் வாடி விழும். வெயில் வந்ததும் நிமிரும் என்று காத்திருப்பது வீண். மூன்றடி அகல மேட்டுப்பாத்தி, இடையில் ஒன்றரை அடி வாய்க்கால், பாத்தி மேல் வைக்கோல் அல்லது சோகை மூடாக்கு, நிலத்தின் தாழ்ந்த மூலைக்கு ஒரு வடிகால் ஆகியவை இல்லாமல் இங்கே மழைக்காலக் காய்கறி செய்ய முடியாது. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருந்தால் கோடையிலும் செய்ய முடியாது.

வேலையும் மிகுதி. நெல் வயலை இரண்டு நாள் பார்க்காமல் இருக்கலாம். வெண்டையை ஒரு நாள் விட்டால் முற்றிவிடும். வீட்டில் இருவராவது முழு நேரமாக இறங்க வேண்டும். நடைமுறையில் அந்த இருவரில் ஒருவர் பெண்ணாகவும், அறுவடை, தரம்பிரிப்பு, கட்டுக் கட்டுதல், வாட்சாப்பில் பதில் சொல்லுதல் அனைத்தும் அவர் தலையில் விழுவதாகவும்தான் இருக்கிறது. இதைக் கணக்கில் ஏற்றாமல் போடப்படும் இலாப அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

பெரிய தடை நகரத்துச் சமையலறையில் இருக்கிறது. புதுச்சேரி வீடுகளில் வாரம் ஒரு பை காய்கறி என்று ஏற்பாடு செய்தால், முதல் மாதமே கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எங்கே என்று கேட்பார்கள். அவை இந்த மண்ணுக்கும் வெப்பத்துக்கும் வருவன அல்ல. வைகாசிப் பையில் கத்தரி, முருங்கை, பூசணி, பலா மூசு (பிஞ்சுப் பலா), புளிச்சக்கீரை இருக்கும். கார்த்திகைப் பையில், மழை வலுத்தால், வாழைத்தண்டும் வாழைப்பூவும் சேனையும் மட்டுமே இருக்கும். இதற்குத் தயாரான குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதே முதல் சாகுபடி. பூசணி, சேனை, கருணை, சர்க்கரைவள்ளி போன்று வைத்திருந்து கொடுக்கக்கூடியவற்றை மழைக்காலத்துக்கென்றே ஒதுக்கி விளைவித்தால் பை காலியாகப் போகாது. பூசணி ஆடியில் ஊன்றி, ஐப்பசியில் பறித்துப் பரணில் வைத்தால் மார்கழி வரை தாங்கும்.

விற்பனையும் இழப்பும்

கொள்முதல் நிலையத்தில் விலை உறுதி. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி தை மாதப் பனியில் தொல்லை கொடுக்கும். இயற்கை முறையில் விளைந்த நெல்லுக்குத் தனி விலை கிடையாது. காய்கறி மண்டியில் கமிஷன் பிடித்தம் போக மிஞ்சுவதை அன்றைய வரத்துதான் தீர்மானிக்கிறது. 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் கடலூரிலும் பண்ருட்டியிலும் சந்தைகள் உள்ளன. அடையாள அட்டை உள்ள உழவர் இடைத்தரகரின்றி விற்கலாம். ஆனால் இயற்கைக் கத்தரியும் மருந்தடித்த கத்தரியும் அங்கே ஒரே பலகை விலையில்தான் போகும். நம் பகுதிக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு: புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதால், வீடு ஓர் அரசிலும் நிலம் இன்னோர் அரசிலும் இருக்கும் குடும்பங்கள் அட்டை, மானியம், நிவாரணம் எதற்கும் இரண்டு அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது.

இழப்பைச் சுமப்பதில்தான் வழிகள் தெளிவாகப் பிரிகின்றன. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, தோட்டக்கலைப் பயிருக்கு 5 விழுக்காடு. அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கே காப்பீடு என்பதால், அரை ஏக்கரில் பன்னிரண்டு காய்கறி கலந்து வைத்திருப்பவர் ஏறத்தாழ வெளியே நிற்கிறார். நெல்லுக்கும் இழப்பீடு பகுதிச் சராசரியைப் பார்த்தே வருகிறது. நம் வயல் மட்டும் மூழ்கினால் 2025-26 பருவம் வரை கிடைக்கவில்லை. ஆகவே கலப்புப் பயிர் செய்பவருக்கு உண்மையான காப்பீடு சாப்பிடுபவர்தான். வாரப் பைக்கு மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, வெள்ள வாரத்தில் பை வராவிட்டாலும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்ட இருபத்தைந்து குடும்பங்கள், எந்தத் திட்டத்தையும்விட விரைவாக உதவுவார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் நல்ல வாடிக்கையாளர்களாக இருக்கலாம், கூட்டாளிகள் அல்லர்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை: அயலூர்க் கடைக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பாதவரை, மூன்றாம் தரப்புச் சான்றுக்கு அலைய வேண்டாம். குறைந்தது ஐந்து உழவர்கள் கூடி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை போதும். அதே ஐவர்தான் ஆலைக்கும் சேர்ந்து போகப் போகிறவர்கள்.

என் தேர்வு

சொந்த நிலம், ஒரு பகுதி தாழ்வு, ஒரு பகுதி மேடு, வீட்டில் உழைக்க இருவர் என்ற நிலையில் மூன்று ஏக்கருக்கு நான் சொல்லும் பங்கீடு இது: இரண்டு ஏக்கர் நெல், அரை ஏக்கர் காய்கறி, மேட்டில் அரை ஏக்கரும் எல்லா வரப்புகளும் மரம். நெல்லில் மிகத் தாழ்ந்த ஓர் ஏக்கரில் சப்-1 இரகம். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்தது போக மீதி கொள்முதல் நிலையத்துக்கு. இன்னோர் ஏக்கரில் மரபு இரகம். அதில் தேறும் 720 கிலோ அரிசி இருபத்தைந்து குடும்பங்களுக்கு மாதம் ஏறக்குறைய 2.4 கிலோ வீதம் ஓராண்டுக்கு வரும். நகரத்துக் குடும்பம் கவுனியையோ மாப்பிள்ளைச் சம்பாவையோ மூன்று வேளையும் சாப்பிடுவதில்லை. கஞ்சிக்கும் இட்லிக்கும் இந்த அளவே சரியாக இருக்கும். இதற்கு மேல் மரபு நெல் போடுபவர் வாங்குபவரைக் கண்டுபிடிக்காமல் வண்டுக்கு விளைவிக்கிறார். காய்கறி அரை ஏக்கரிலிருந்து வாரம் 125 கிலோ எடுத்தால் ஒரு வீட்டுக்கு 5 கிலோ. மழை வாரங்களில் அது இரண்டு கிலோவாகக் குறையும் என்பதை முன்பணம் வாங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

குத்தகைதாரரானால் மரத்தை நீக்கிவிட்டு வரப்பில் துவரையும் அகத்தியும் போடலாம். பசுந்தாளும் உளுந்தும் செலவு குறைந்தவை என்பதால், அடுத்த ஆண்டு நிலம் கைமாறினாலும் பெரிய நட்டமில்லை. நிலம் முழுவதும் செம்மண் மேடானால் நெல்லை விட்டுவிட்டு மரத்தையும் மானாவாரி மல்லாட்டை, கேழ்வரகையும் சேர்த்துப் போகலாம். வீட்டில் உழைக்க ஒருவர்தான் என்றால் காய்கறியைப் பத்து சென்ட்டுக்கு மேல் விரிக்கக்கூடாது. ஃபெஞ்சல் வெள்ளத்தில் ஆற்று மணல் மேவிய வயல் என்றால் முதல் ஆண்டு எதுவும் விற்கும் எண்ணமில்லாமல் சணப்பை, பலதானியம் என்று இரண்டு முறை விதைத்து மடக்குவதே வேலை. மேவிய மணல் அரையடிக்கு மேல் என்றால் அதை ஒதுக்கி மேட்டுப்பாத்திக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். சித்திரை, வைகாசியில் கிடை போட்டு, ஆனியில் தாழ்ந்த ஏக்கர்களில் தக்கைப்பூண்டு விதைத்துவிட்டு, அது வளரும் அந்த நாற்பத்தைந்து நாளில்தான் குடும்பங்களைத் தேடிப் பேசி முடிக்க வேண்டும். ஆடி முடிவதற்குள் இருபத்தைந்தில் பதினைந்தாவது சேராவிட்டால், அந்த ஆண்டு காய்கறியைப் பாதியாகக் குறைத்து, மரபு நெல்லை அரை ஏக்கரோடு நிறுத்தி, மீதியிலும் சப்-1 நாற்றையே விடுவது நல்லது.